திருச்சி வீட்டுக்காரர்களுக்கு, வாடகைக்கு வந்த ஒருத்தி எழுதுவது

திருச்சியில் வாடகைக்கு வீடு விடும் அம்மாக்களுக்கும் ஐயாக்களுக்கும்,

வணக்கம்.

நான் பரமக்குடியில் பிறந்தவள். பதினாலு வருஷம் சென்னையில் இருந்துவிட்டு 2024 மே மாதம் உங்கள் ஊருக்குக் குடிவந்தேன். அலுவலகத்தில் மாறுதல் போடும்போது மூன்று ஊர்களின் பெயரைச் சொல்லி எது வேண்டும் என்று கேட்டார்கள். யோசிக்காமல் திருச்சி என்றேன். பரமக்குடிக்குப் போய்வரப் பக்கம், அம்மா நினைத்த நாளில் ஸ்ரீரங்கம் போகலாம், பையன் சைக்கிள் ஓட்டத் தெரு இருக்கும். சென்னை மாதிரி மூச்சு முட்டாது, சின்ன ஊர் மாதிரி ஆஸ்பத்திரிக்கு அலையவும் வேண்டாம். இப்படியெல்லாம் கணக்குப் போட்டுத்தான் வந்தேன். கணக்கு பெரும்பாலும் சரியாகவே வந்திருக்கிறது. ஒரே ஒரு இடத்தில்தான் இடித்தது. அதைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நாங்கள் மூன்று பேர். நான், அம்மா, அப்போது ஆறாவது முடித்திருந்த என் மகன். வந்து இறங்கியபோது அக்னி நட்சத்திரம். பெரியம்மா மகள் வீட்டு ஹாலில் இருபத்து மூன்று நாள் படுத்துக்கொண்டு வீடு தேடினோம். காலையில் ஏழு மணிக்குக் கிளம்பினால் ஒன்பது மணிக்குள் இரண்டு வீடு பார்க்கலாம். அதற்கு மேல் வெயிலில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நடக்க முடியாது. சாயங்காலம் அலுவலகம் விட்டதும் இன்னொரு வீடு.

பார்த்த வீடுகளை எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவந்தேன். வாடகை, அட்வான்ஸ், எத்தனை ரூம், காவிரித் தண்ணீரா போர் தண்ணீரா என்று. நாலாவது வீட்டிலிருந்து இன்னொன்றையும் எழுத ஆரம்பித்தேன். வாசலில் நின்றதும் எங்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. முதல் மூன்று வீட்டுக்கும் ஞாபகத்திலிருந்து எழுதிச் சேர்த்தேன். அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. மொத்தம் பதினேழு வீடு. ஒன்பது வீட்டில் முதல் கேள்வி, "வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" ஐந்து வீட்டில், "நீங்க என்ன ஆளுங்க?" இரண்டு வீட்டில், "கவுச்சி சமைப்பீங்களா?" மிச்சம் ஒரு வீட்டில், "அட்வான்ஸ் இன்னைக்கே குடுத்துருவீங்களா?"

வீட்டுக்காரர் என்ற சொல்லை நம் ஆட்கள் இரண்டு பேருக்கு வைத்திருக்கிறோம். வீட்டைச் சொந்தமாக வைத்திருப்பவருக்கு ஒன்று, புருஷனுக்கு ஒன்று. எனக்கு இரண்டாமவர் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பிரிந்துவிட்டோம். அதனாலேயே முதலாமவரும் கிடைக்காமல் போனார். "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா, எங்களுக்கு ஒண்ணுமில்ல, அக்கம்பக்கத்துல ஒரு மாதிரி பேசுவாங்க" என்று மோர் கொடுத்து, மின்விசிறியைப் போட்டு உட்காரவைத்துச் சொன்ன அம்மா ஒருவர். கெட்ட மனுஷி என்று அவரைச் சொல்ல மாட்டேன். அவர் கொடுத்த மோரில் பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டிருந்தார். ஆனாலும் அன்றைக்குத் திரும்பி வரும்போது என் மகன் கேட்டான், "அப்பா இல்லாதவங்க எல்லாம் எங்கம்மா குடியிருப்பாங்க?" பன்னிரண்டு வயசுப் பையனுக்கு அந்தத் தெருமுனையில் என்ன பதில் சொல்ல முடியும்?

"என்ன ஆளுங்க" என்ற கேள்வியைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாரும் அதை முரட்டுத்தனமாகக் கேட்கவில்லை. ஒருவர் சொந்த ஊர் எது என்று ஆரம்பித்தார். பரமக்குடி என்றதும், பரமக்குடியில் எந்தப் பக்கம் என்றார். அப்புறம் குலதெய்வம் எது என்றார். கடைசியில், "இல்ல, சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் போன் செய்தபோது வீட்டைச் சொந்தக்காரப் பையன் கேட்டுவிட்டான் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டு கேட்டில் டு-லெட் போர்டு அதற்குப் பிறகு இரண்டு மாதம் தொங்கியது. அலுவலகம் போகும் வழி என்பதால் தினமும் பார்த்தேன்.

இந்த ஊரில் மலைக்கோட்டையில் ஏறி நின்றால் உச்சிப் பிள்ளையாரும், கீழே தெப்பக்குளத்துப் பக்கம் லூர்து அன்னை ஆலயமும், கொஞ்ச தூரத்தில் நத்தர்வலி தர்காவும் ஒரே ஊராகத் தெரிகிறது. அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே மூன்று பேர் இதை என்னிடம் பெருமையாகச் சொல்லிவிட்டார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். அந்தப் பெருமையைக் கொஞ்சம் வாசற்படிக்கு உள்ளேயும் கொண்டுவாருங்கள் என்பதுதான் நான் கேட்பது.

சரி, பதினேழாவது வீட்டுக்கு வருகிறேன். அட்வான்ஸ் இன்றைக்கே தருவீர்களா என்று கேட்ட வீடு. கேட்டதும் கொடுத்துவிட்டேன். சாவி கையில் கிடைத்தபோது அழுகையே வந்துவிட்டது. ஒப்பந்தம் எப்போது போடலாம் என்று கேட்டேன். "பேப்பரெல்லாம் எதுக்கும்மா, வாய் வார்த்தை போதாதா?" என்றார் வீட்டுக்காரர். அலைந்த களைப்பில் நானும் தலையாட்டிவிட்டேன்.

அந்த ஒரு தாள் இல்லாததால் என்னென்ன ஆனது என்று பாருங்கள். சென்னையில் கேஸ் இணைப்பை ஒப்படைத்து மாறுதல் சீட்டு வாங்கி வந்திருந்தேன். இங்கே ஏஜென்சியில் முகவரிக்கு ஆதாரம் கேட்டார்கள். ஆதாரில் சென்னை முகவரி. ஆதாரை மாற்றலாம் என்றால் அதற்கும் இந்த முகவரிக்கு ஏதாவது ஒரு காகிதம் வேண்டும். ரேஷன் கார்டுக்கும் அதே கதை, வாக்காளர் அட்டைக்கும் அதே கதை. ஒவ்வொரு கவுன்டரிலும் அடுத்த கவுன்டரின் காகிதத்தைக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் உங்கள் கையெழுத்துப் போட்ட வாடகை ஒப்பந்தம் ஒன்று இருந்திருந்தால் போதும்.

கேஸ் இல்லாததால் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினேன். காலையில் சோறு, குழம்பு, அம்மாவுக்கு வெந்நீர், ராத்திரிக்குத் தோசை எல்லாமே அதில்தான். அந்த வீட்டுக்குத் தனி மின் இணைப்பு கிடையாது. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய். முதல் இரண்டு மாதத்தில் 310 யூனிட் ஓடி 3,100 ரூபாய் வந்தது. அப்போது வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முதல் 100 யூனிட் காசில்லாமல் கொடுத்தார்கள். எனக்கென்று தனி இணைப்பு இருந்திருந்தால் அந்த 3,100-இல் பாதிகூட வந்திருக்காது. வீட்டுக்காரரிடம் கேட்டேன். இரண்டு போர்ஷனும் ஒரே மீட்டரில் ஓடுவதால் யூனிட் கூடி, தனக்கு ஸ்லாப், அதாவது யூனிட்டுக்கான கட்டணமே ஏறுகிறது, அதை யார் கட்டுவது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. தனி வாசல், தனி சமையலறை உள்ள போர்ஷனுக்குத் தனி இணைப்பு வாங்கிவிட்டால் அவருக்கும் ஸ்லாப் ஏறாது, எனக்கும் அந்த 100 யூனிட் கிடைத்திருக்கும். அவர் வாங்கவில்லை. இணைப்பு வாங்கினால் வீடே போய்விடும் என்று யாரோ அவரைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள்.

உங்கள் பயத்தைச் சின்னதாக நினைத்து இதை நான் எழுதவில்லை. உங்களில் பாதிப் பேர் ரிட்டையர் ஆனவர்கள். பி.எஃப். பணத்தில் மாடி எடுத்திருப்பீர்கள், அந்த வாடகைதான் மாத்திரைக்கும் பேரப்பிள்ளைக்கு அனுப்பும் பணத்துக்கும். காலி பண்ணாமல் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு இழுத்த வாடகைக்காரர் கதை ஒவ்வொரு தெருவிலும் ஒன்று இருக்கிறது. 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்தில் அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது.

ஆனால் அந்தச் சட்டம் போய்விட்டது. 2017-இல் புதுச் சட்டம் நிறைவேறி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை இவ்வளவுதான் என்று வெளியிலிருந்து யாரும் நிர்ணயிப்பதில்லை. நீங்களும் நாங்களும் பேசி எழுதிக்கொள்வதுதான் வாடகை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அதை இணையத்திலேயே செய்யலாம், பதிவு எண்ணும் தருகிறார்கள். வேறு மாதிரி பேசி ஒப்புக்கொண்டால் ஒழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. தகராறு வந்தாலும் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது. எழுதின காலம் முடிந்து வீடு வேண்டும் என்றால் அந்தத் தாளைக் காட்டி நீங்கள் கேட்கலாம். வாய் வார்த்தையை எந்த அதிகாரியிடம் காட்டுவீர்கள்? காகிதம் இல்லாமல் குடிவைத்தால் எங்களோடு நீங்களும் மாட்டிக்கொள்கிறீர்கள். இதை எனக்குச் சொன்னவர் ஒரு வீட்டுக்காரர்தான்.

அவர் வீட்டில்தான் இப்போது இருக்கிறோம். பதினெட்டாவது வீடு. 2024 நவம்பரில் வந்தோம், உய்யக்கொண்டான் வாய்க்காலுக்குப் பக்கத்தில். கீழே அவரும் அவருடைய அம்மாவும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். முதல் நாள் கேட்டைத் திறந்ததும் அக்கா என்னைப் பார்க்கவில்லை, என் மகனைப் பார்த்தார். "தம்பி எந்த ஸ்கூலு?" என்றார். சொன்னான். "அப்ப நல்லதாப் போச்சு, இங்கேருந்து பஸ் மாற வேணாம்" என்றார். அவ்வளவுதான் விசாரணை. அப்புறம் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய் இரண்டு குழாயைக் காட்டினார். இது கார்ப்பரேஷன் தண்ணி, குடிக்கப் பிடிச்சுக்குங்க, இது போர், துணிக்கு. ஒரு டம்ளரில் பிடித்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா குடித்துவிட்டு, எங்கள் ஊர் வழக்கப்படி, "கல்கண்டு மாதிரி இருக்கு தாயி" என்றார்.

நான் சொல்வதற்கு முன்பே, ஒரு வாரம் கழித்து, வேலை, வாடகை எல்லாம் பேசி முடிந்த பிறகு, புருஷன் என்னோடு இல்லை என்பது அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. நானாகத்தான் ஒருநாள் மொட்டை மாடியில் வடாம் காயப்போடும்போது சொன்னேன். "அதுனால என்ன, இந்த மூலையைக் கொஞ்சம் இழுத்துப் பிடி" என்றார்.

வீட்டுக்காரரின் அம்மாவை நாங்கள் பெரியம்மா என்போம், எண்பத்து நாலு வயசு. அவருடைய மாமனார் நாகப்பட்டினத்துக்காரர். நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனையை 1920-களின் கடைசியில் இங்கே திருச்சி பொன்மலைக்கு மாற்றியபோது வேலையோடு குடும்பமும் இடம்பெயர்ந்து வந்திருக்கிறது. புது ஊரில் கடல் இல்லை என்று மாமியார் கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டே இருந்தாராம். கருவாட்டு வாசனை வந்தால் போதும், ஜன்னலுக்கு வந்து நின்றுவிடுவாராம். பெரியம்மா இதைச் சொல்லும்போது நேற்று நடந்த மாதிரி சொல்வார்.

கேட்டபோது எனக்கு ஒன்று புரிந்தது. இந்த ஊரே வந்து சேர்ந்தவர்களால் வளர்ந்த ஊர். பொன்மலைக்கு வந்தார்கள். அறுபதுகளில் திருவெறும்பூர்ப் பக்கம் பெல் தொழிற்சாலை வந்தது, துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது, எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். கொட்டப்பட்டிலும் வாழவந்தான்கோட்டையிலும் கடல் கடந்து வந்த ஈழத்து மக்கள் முகாமில் பல வருஷமாக இருக்கிறார்கள், அவர்கள் வந்த கதை வேறு, வலியும் வேறு. பொன்மலைக்கும் பெல்லுக்கும் வந்தவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. குவார்ட்டர்ஸ். ரயில்வே காலனி கட்டிக் கொடுத்தது, பெல் கைலாசபுரத்தில் ஒரு நகரியமே கட்டியது. என்ன ஆளுங்க என்று கேட்காமல் வேலை நியமன உத்தரவைப் பார்த்துச் சாவி கொடுத்தார்கள். இன்றைக்கு நவல்பட்டு ஐ.டி. பார்க்குக்கு வருகிற பெண்ணுக்கும், தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு வருகிற பையனுக்கும், என்னைப் போல மாறுதலில் வருகிறவர்களுக்கும் குவார்ட்டர்ஸ் கிடையாது. எங்களுக்கு இந்த ஊரின் வாசல் உங்கள் வீட்டு கேட்தான்.

2025 ஜூலையில் மத்தியப் பேருந்து நிலையத்து வெளியூர்ப் பேருந்துகள் பஞ்சப்பூரில் திறந்த புது நிலையத்துக்குப் போனது ஞாபகம் இருக்கும். அந்த வாரம் நான் பரமக்குடி போக வேண்டியிருந்தது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெரியவர்கள் எந்த பஸ் எங்கே நிற்கும், டவுன் பஸ்ஸுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு ஐயா என்னிடமே கேட்டார். நான் சொல்லி அனுப்பினேன். பழகின இடம் இல்லை என்றால் எல்லாருக்கும் கால் தடுமாறத்தான் செய்கிறது. அந்த நேரத்தில் ஒருவர், "அந்தப் பக்கம் போங்கய்யா" என்று கை காட்டினால் எவ்வளவு தைரியம் வருகிறது என்று அவர் முகத்தில் பார்த்தேன்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று விசாரிப்பது உங்கள் உரிமை. எங்கே வேலை, எத்தனை பேர், சம்பளச் சீட்டு இருக்கிறதா, முன்பு இருந்த வீட்டுக்காரரின் போன் நம்பர் என்ன, எல்லாம் கேளுங்கள். சந்தோஷமாகத் தருவோம். சாதியையும் தாலியையும் விட்டுவிடுங்கள். வாடகை கட்டுவதற்கும் வாசலைக் கூட்டுவதற்கும் அவை இரண்டும் தேவைப்படுவதில்லை. அசைவம் சமைக்கக் கூடாது என்றால் அதை போர்டிலேயே எழுதிவிடுங்கள், வயசான அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறி வந்த பிறகு சொல்லாதீர்கள். ஒத்திக்கு மட்டும்தான், அதாவது மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் விட்டு, காலி பண்ணும்போது திருப்பிக் கொடுப்பது என்றால் அதையும் எழுதுங்கள். சென்னையிலிருந்து வரும் பலருக்கு அந்தச் சொல்லே இங்கே வந்துதான் தெரிகிறது. அப்புறம் அந்த ஒப்பந்தத் தாள். வீட்டைக் கொடுக்கும்போதே தாளையும் கொடுத்துவிடுங்கள்.

பதினெட்டாவது வீட்டில் அக்காவின் வீட்டுக்காரர் மூன்றாம் நாளே கணினி மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒப்பந்தத்தைப் பதிவு செய்து கொடுத்தார். அடுத்த ஆறு வாரத்தில் கேஸ் வந்தது, ஆதாரில் முகவரி மாறியது, ரேஷன் கார்டு மாறியது. அம்மா புது ரேஷன் கடைக்கு முதல் தடவை பை எடுத்துக்கொண்டு போன நாள் ஞாபகம் இருக்கிறது. துவரம் பருப்போடு திரும்பி வந்து, "நம்ம பேரைக் கூப்பிட்டாங்க" என்றார்.

இந்த ஆடிப்பெருக்குக்கு அக்கா எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் கூட்டம் தாங்காது என்று அய்யாளம்மன் படித்துறைக்கு. காவிரியில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போனது. வாழை இலையில் காப்பரிசி, காதோலை கருகமணி, பழம், மஞ்சள் பிள்ளையார். சாமி கும்பிட்டு முடிந்ததும் எல்லாரும் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள். அப்பா போனதிலிருந்து இப்படிப்பட்ட இடத்தில் அம்மா நாலு படி மேலே ஒதுங்கித்தான் நிற்பார். அன்றைக்கும் நின்றார். அக்கா மேலே ஏறிப் போய், ஒன்றும் பேசாமல், அம்மாவின் வலது கையைப் பிடித்து மணிக்கட்டில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு, என் மகன் கையிலும் கட்டினார். எனக்கும் கட்டினார். அம்மா அந்தக் கயிறு நைந்து அறுகிற வரைக்கும் கழற்றவில்லை.

இந்த வீட்டில் எங்களுக்குப் பக்கத்துப் போர்ஷன் அடுத்த மாதம் காலியாகிறது. நேற்று அக்கா என் மகனைக் கூப்பிட்டு, உன் கையெழுத்து நல்லா இருக்கே, போர்டு எழுதிக் கொடு என்றார். பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து, ஸ்கெட்ச் பேனாவில் எழுதினான். அவர் சொல்லச் சொல்ல எழுதியதை இங்கே அப்படியே தருகிறேன்:

"வீடு வாடகைக்கு. மாடி. ரெண்டு ரூம், கிச்சன், பாத்ரூம். காவிரித் தண்ணீர் உண்டு. தனி ஈ.பி. மீட்டர். அட்வான்ஸ் மூணு மாசம். ஒப்பந்தம் பதிவு செய்து தரப்படும். ராத்திரி பத்து மணிக்கு மேல் கேட் சாவி நீங்களே வைத்துக்கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம்."

அன்புடன்,
உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கத்திலிருந்து
ஒரு வாடகைக்காரி